கையுறைக்குள் ஒரு காசு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்டிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் ஃபாரஸ்ட் குரோவ். பசிபிக் பல்கலைக்கழகம் இருக்கும் சின்ன ஊர். உயர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே 1850-இல் கட்டிய வெள்ளை மரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. ஓல்டு காலேஜ் ஹால் என்று பெயர். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிப்போனதற்குக் காரணம், இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்ட தபிதா பிரவுன். அம்மாவுக்கு இப்போது 66 வயது. தபிதா மாட்டு வண்டி ஏறி ஓரிகனுக்குக் கிளம்பியபோதும் 66.

"அந்த வயசுல எதுக்கும்மா கிளம்பினாங்க?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி.

தபிதா 1780-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பாதிரியாரான கணவர் 1817-இல் இறந்துவிட, பள்ளிக்கூடம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். அப்புறம் மிசௌரிக்குக் குடிபோனார்கள். மகன் ஓரஸ் 1843-இல் ஓரிகனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குடும்பத்தையே கிளப்பினார். 1846 ஏப்ரலில் ஓரஸ் குடும்பம், மகள் ஃபெர்ன் குடும்பம், தபிதா, கணவரின் சகோதரர் ஜான் பிரவுன் எல்லோரும் புறப்பட்டார்கள். ஜானுக்கு 77 வயது. இன்னொரு மகன் மந்தானோ மட்டும் மிசௌரியிலேயே தங்கிவிட்டார். தபிதா யாருக்கும் பாரமாக வரவில்லை. தனக்கென்று சொந்த வண்டி, மாடுகள், வண்டியோட்டி என்று ஏற்பாடு செய்துகொண்டார்.

ஓரஸ் வழக்கமான பாதையில் முன்னால் போய்விட்டார். மற்றவர்களோ, தெற்கே குறுக்கு வழி இருக்கிறது என்ற பேச்சை நம்பித் திரும்பினார்கள். பாலைவனம், மலை, கடைசியில் அம்ப்குவா பள்ளத்தாக்கு. மாடுகள் செத்தன, வண்டிகள் நொறுங்கின. ஒரு நாள் தபிதாவும் ஜானும் மட்டும் குதிரைகளில் முன்னால் போனார்கள். சாயங்காலம் ஜானுக்குத் தலைசுற்றல், வயிற்றுவலி. நடுக்காட்டில், விந்தி நடக்கும் அந்தக் கிழவி தனியாகக் கூடாரம் போட்டு அவரைப் படுக்கவைத்தார். விடிவதற்குள் அவர் உயிர் போய்விடும் என்றே நினைத்தாராம். போகவில்லை. ஓரஸ் உணவோடு எதிரே தேடிவந்து காப்பாற்றினார். ஓரிகனிலும் ஒரு சேலம் உண்டு; அந்த நகரைத் தொட்டபோது கிறிஸ்துமஸ் நாள்.

கையுறை விரல் நுனியில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, பொத்தான் என்று விட்டுவிட்டேன் என்று பின்னாளில் தபிதா கடிதத்தில் எழுதினார். எடுத்துப் பார்த்தால் ஆறேகால் சென்ட் காசு. அவரிடம் இருந்த மொத்தப் பணமே அதுதான். அதில் மூன்று ஊசி வாங்கினார். பழைய துணிகளைப் பழங்குடிப் பெண்களிடம் கொடுத்து மான்தோல் வாங்கி, கையுறை தைத்து விற்று முப்பது டாலருக்கு மேல் சம்பாதித்தார்.

அந்தப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபாரஸ்ட் குரோவ் இருப்பது கலப்பூயா பழங்குடி மக்களின் நிலத்தில். 1830-களில் வந்த காய்ச்சல் அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது. மிஞ்சியவர்களை 1855 ஒப்பந்தத்துக்குப் பிறகு பழங்குடிகளுக்கென ஒதுக்கிய கிராண்ட் ரோண்டு என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். தபிதாவின் கதையை மட்டும் சொல்லிவிட்டு இவர்களை விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஓரிகனுக்கு வரும் வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகத் தபிதா 1848-இல், ஹார்வி கிளார்க் என்ற பாதிரியாரோடு சேர்ந்து, இங்கே ஒரு மரக் குடிலில் பள்ளியும் தங்குமிடமும் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் வாரம் ஒரு டாலர் தரவேண்டும், ஏழைகளுக்கு ஒன்றும் வேண்டாம். அதுதான் வளர்ந்து பல்கலைக்கழகம் ஆனது. 1851-இல் அவர் பொறுப்பில் நாற்பது பேர். ஐந்து மாதத்துக்குள் 3,423 பவுண்டு மாவைத் தன் கையாலேயே பிசைந்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார்.

"தினம் பத்துக் கிலோ!" அம்மா மனக்கணக்காகச் சொன்னார். நாற்பது வருடம் சப்பாத்திக்கு மாவு பிசைந்த கை அது. அந்த எண்ணிக்கை அவருக்குப் புரிந்த அளவு எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் சேலத்தில் தபிதாவின் கல்லறைக்கும் போனோம். 1858-இல் அங்கேதான் காலமானார். மகள் ஃபெர்னின் புகுந்த வீட்டாரின் பெயரில் பிரிங்கிள் ஓடை இன்னும் அந்த ஊருக்குள் ஓடுகிறது.

அன்று இரவு அம்மா மதுரையில் இருக்கும் தம்பிக்கு வீடியோ கால் போட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. "மூணு ஊசிடா, வெறும் மூணே மூணு ஊசி" என்று ஆரம்பித்தார்.