காசு கட்டாமல் போக்கர் படிக்க: இலவசப் போட்டிகளில் ஆடும் முறை

நுழைவுக் கட்டணம் இல்லாத ஆன்லைன் போக்கர் போட்டியை ஃப்ரீரோல் என்பார்கள். பதிவு செய்யக் காசு வேண்டாம். எல்லோருக்கும் ஒரே அளவு சிப் தருவார்கள். சிப் தீர்ந்தவர் வெளியே போக, கடைசியில் எல்லாச் சிப்பும் யாரிடம் சேர்கிறதோ அவருக்கு முதலிடம். ஈரோட்டில் புள்ளியியல் படித்தபோது நிகழ்தகவுப் பாடம் எனக்கு உண்மையில் பிடிபட்டது இந்தப் போட்டிகளில்தான். பிறகு வங்கித் தேர்வுக்குத் தயாரானபோதும் அதே கணக்கு கைகொடுத்தது. டெக்ஸாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) விதிகள் தெரிந்தும் முதல் அரை மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது பாயின்டுக்கும் பயிற்சிக்கும் ஆடும் போட்டிகளைப் பற்றி மட்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்கிறது. அதற்கு முன்பே ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும் திருப்பூர் போன்ற ஊரில், அந்தச் சம்பளம் திங்கட்கிழமைக்குள் போன் வழியாகவே கரைந்துபோன குடும்பங்களை நான் அறிவேன். நுழைவு இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு, சிப் தீர்ந்ததும் பணம் கட்டி மறுபடி வாங்கிக்கொள்ளச் சொல்லும் போட்டிகளும் உண்டு. அவை இலவசப் போட்டிகளே அல்ல. வங்கி விவரம் கேட்கும் செயலியை அந்த நிமிடமே போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தவர் சென்னிமலையில் தறி வைத்திருக்கும் என் மாமா. ஆரம்பத்தில் நான் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான் (பெட் என்றால் பந்தயம், சீட்டைப் போடுவது என்றால் அந்தக் கையை விட்டு விலகுவது). "ஏனுங்க மாமா, எவ்வளவு பெருசா பெட் கட்டினாலும் ஒருத்தரும் சீட்டைப் போடமாட்டேங்கறாங்களே?" அவர் சொன்ன பதில்: "போடறதுக்கு அவனுக்கு என்ன நட்டம் கண்ணு? காசா குடுத்து உள்ள வந்தான்?"

ஃப்ரீரோலின் முதல் ஒரு மணி நேரத்துக்கான வியூகம் முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. இழக்க ஒன்றுமில்லாதவரை பிளஃப் செய்து (நல்ல கை இருப்பதுபோல் காட்டி) விரட்ட முடியாது. கையில் ஒன்றுமில்லாமல் மூன்று சுற்றும் பெட் கட்டுவது வேறு மேசைகளில் அழகான ஆட்டமாக இருக்கலாம். இங்கே ஒருவர் ஆகச் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு ரிவர் (கடைசிப் பொதுச்சீட்டு) வரை கால் செய்துவிடுவார் (நாம் வைத்ததற்குச் சமமாகச் சிப் வைத்துவிடுவார்). எனவே முதல் கட்டத்தில் பிளஃபை முழுவதுமாக விட்டுவிடுங்கள். எப்போதாவது ஒரு தடவை என்றுகூட வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் நமக்கு லாபம். யாரும் சீட்டைப் போடமாட்டார்கள் என்றால், நல்ல கை வரும்போது அதற்கு முழு விலையும் கிடைக்கும். பலர் இந்த இடத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு ஏஸ் கையில் வந்ததும், ஆட்கள் ஓடிவிடக் கூடாதே என்று சின்னதாக ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) நான்கைந்து பேரை உள்ளே விடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஏஸ் ஜோடி ஒரே ஒரு எதிராளியின் ஏதோ ஒரு கைக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கும். நான்கு பேருக்கு எதிராக அதே ஜோடி ஜெயிப்பது சுமார் 56 சதவீதம்தான். ஏஸ் ஜோடி 221 தடவை சீட்டு வாங்கினால் ஒரு தடவை வருவது. அதைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ப் பாதி வாய்ப்பில் விடக் கூடாது. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிப்) 10/20 ஆக இருக்கும்போது வழக்கமாக 60-க்கு ரெய்ஸ் செய்வார்கள். ஃப்ரீரோலில் நான் 100 அல்லது 120 வைப்பேன். எனக்கு முன்பே சும்மா கால் செய்து உள்ளே வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 20 சேர்ப்பேன். அப்படியும் ஒருவரோ இருவரோ கால் செய்வார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எந்தக் கைகளை ஆடுவது? ஒன்பது பேர் மேசையில், முதல் கட்டத்தில், பெரிய ஜோடிகள், ஏஸ்-கிங், ஏஸ்-குயின், இவ்வளவு போதும். இரண்டிலிருந்து ஆறு வரையிலான சின்ன ஜோடிகளை விலை மலிவாக இருந்தால் மட்டும் ஆடலாம். பிளாப்பில் (முதல் மூன்று பொதுச்சீட்டுகளில்) அதே எண்ணின் மூன்றாவது சீட்டு சேர்வது எட்டரைக்கு ஒரு தடவைதான். ஆனால் சேர்ந்தால் எதிராளி தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் போவார். கால் செய்ய ஆகும் செலவைப் போலப் பதினைந்து மடங்காவது அவரிடமும் நம்மிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடலாம். ஏஸ்-கிங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை: பிளாப்பில் அதற்கு ஜோடி சேர்வது மூன்றுக்கு ஒரு தடவைதான். சேரவில்லை, எதிரே மூன்று பேர் இருக்கிறார்கள் என்றால் மனசில்லாவிட்டாலும் விட்டுவிட வேண்டும்.

பாதி வழியில் நிற்கும் கைகளுக்குக் கணக்கு அவசியம். பிளாப்பில் ஒரே இனத்தில் நான்கு சீட்டு இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ் என்று வைத்துக்கொள்வோம். அந்த இனத்தில் மீதி 9 சீட்டு வெளியே இருக்கிறது. இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டியிருந்தால் வாய்ப்பு 35 சதவீதம். ஒரே ஒரு சீட்டு பாக்கி என்றால் ஏறக்குறைய 20 சதவீதம். மனக்கணக்காக, நமக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை இரண்டு சீட்டு பாக்கியிருந்தால் நான்காலும், ஒன்று பாக்கியிருந்தால் இரண்டாலும் பெருக்கினால் போதும்.

இனி விலை. பாட்-இல் (நடுவில் சேர்ந்த மொத்தச் சிப்பில்) 600 இருக்கிறது, எதிராளி 300 வைக்கிறார். நாம் 300 போட்டால் மொத்தம் 1200. அதாவது நான்கில் ஒரு பங்கைப் போடுகிறோம், 25 சதவீதம் ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். டர்னில் (நான்காவது பொதுச்சீட்டு வந்த பிறகு) இப்படிக் கேட்டால், 20 சதவீத வாய்ப்புக்கு 25 சதவீத விலை, நட்டம். பிளாப்பிலேயே அவர் தன் கடைசி 300-ஐ ஆல் இன் வைத்திருந்தால், 35 சதவீத வாய்ப்புக்கு 25 சதவீத விலை, தாராளமாகக் கால் செய்யலாம். ஃப்ரீரோலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஃப்ளஷ் வந்த பிறகும் எதிராளி பெரும்பாலும் கால் செய்வார். அவரிடம் நிறையச் சிப் மீதியிருந்தால் அந்த ஐந்து சதவீதக் குறையை ரிவரில் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைத்தான் நான் வங்கித் தேர்வு அறைக்குள் கொண்டுபோனேன். ஐந்து விடைகள், சரியானால் ஒரு மதிப்பெண், தவறானால் கால் மதிப்பெண் கழிவு. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, நான்கு தவறு. வரவும் செலவும் சமம். ஒரே ஒரு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தால் நான்கு கேள்விக்கு ஒன்று சரி, மூன்று தவறு. கால் மதிப்பெண் லாபம். எதைத் தொடுவது, எதை விடுவது என்று அங்கே தடுமாறாமல் இருந்ததற்கு போக்கர் மேசையில் செய்த இந்தப் பழக்கம் பெரிய காரணம்.

சீட்டைப் பார்ப்பதைவிட ஆளைப் பார்ப்பது முக்கியம். இதற்கு எனக்குப் பிடித்த சான்று நார்வேயைச் சேர்ந்த ஆனெட் ஒப்ரெஸ்டாட். இலவசப் போட்டிகளில் தொடங்கி வளர்ந்த அவர், 2007-இல் தனது 18-வது வயதில் ஐரோப்பிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். அதே ஆண்டில், 180 பேர் ஆடிய ஓர் ஆன்லைன் போட்டியில் தன் சீட்டுகளை மறைத்துவைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்து, முதலிடம் வந்தார். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் எப்போது பின்வாங்குவார் என்பதை மட்டும் வைத்தே அவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது. சீட்டை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் போனில் வேறு எதையும் பார்க்காதீர்கள். யார் எல்லாக் கையும் ஆடுகிறார், யார் ரெய்ஸ் செய்தால் உண்மையிலேயே கை இருக்கிறது என்று மேசைக்கு இரண்டு பேரையாவது குறித்துவையுங்கள்.

அப்படிப் பார்த்தால் இன்னொரு வகை ஆளும் கண்ணில் படுவார்: பதிவு செய்துவிட்டு வராமலே போனவர். இலவசம் என்பதால் இப்படி நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் இடத்தில் கணினி தானாகச் சீட்டைப் போட்டுவிடும், பிளைண்ட் மட்டும் கழிந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர் பிளைண்ட் இடத்தில் இருக்கிறார், உங்களுக்கு முன்னால் எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்றால், எந்தச் சீட்டு இருந்தாலும் சின்னதாக ஒரு ரெய்ஸ் போடுங்கள். முதல் கட்டத்தில் பிளஃப் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. இல்லாத ஆள் கால் செய்யமாட்டார்.

ஒரு மணி நேரம் கழிந்ததும் ஆட்டம் மாறும். கண்டபடி ஆடியவர்கள் பெரும்பாலும் போயிருப்பார்கள். மீதியிருப்பவர்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததாலேயே இனி வெளியேற விரும்பமாட்டார்கள். சிப்புக்கு இப்போதுதான் மதிப்பு வருகிறது. டீலர் பட்டனிலோ (பிளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுக்கும் இடம்) அதற்கு முந்தைய இடத்திலோ இருக்கும்போது, முன்னால் யாரும் வராவிட்டால், நடுத்தரக் கையுடன்கூட ரெய்ஸ் செய்து பிளைண்டை எடுக்கத் தொடங்குங்கள். ரெய்ஸின் அளவையும் பிளைண்டைப் போல இரண்டரை மடங்குக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் சிப் பத்து பெரிய பிளைண்டுக்குக் கீழே போய்விட்டால் ரெய்ஸ், கால் என்ற பேச்சே இல்லை. ஆல் இன் (எல்லாச் சிப்பையும் வைப்பது) அல்லது ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிடுவது). பட்டனில் இருக்கிறீர்கள், எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்றால் எந்த ஜோடியும், எந்த ஏஸும் ஆல் இன்னுக்குப் போதும். முதல் இடங்களில் இருந்தால் 8-8 ஜோடிக்கு மேல், ஏஸ்-ஜாக்குக்கு மேல் என்று இறுக்கிக்கொள்ளுங்கள். இதற்கென்று உள்ள அட்டவணைகள் 7-6 போன்ற அடுத்தடுத்த சீட்டுகளையும் சேர்க்கச் சொல்லும். எதிராளி பின்வாங்குவார் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. ஃப்ரீரோலில் அந்த நம்பிக்கை குறைவு, எனவே அவற்றை விட்டுவிட்டு ஏஸையும் ஜோடியையும் பிடித்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மூன்று பிளைண்டு ஆகும்வரை காத்திருக்காதீர்கள். அப்போது ஜெயித்து இரண்டு மடங்கானாலும் ஆறுதான்.

பரிசுப் பட்டியலுக்குச் சற்று வெளியே நிற்கும் கட்டத்தை பபிள் என்பார்கள். 100 பேருக்குப் பாயின்ட், 104 பேர் பாக்கி. அடுத்த கட்டப் போட்டிக்கு இடம் தரும் தகுதிச்சுற்று என்றால் முதலாமவருக்கும் நூறாமவருக்கும் கிடைப்பது ஒன்றுதான். போதிய சிப் இருந்தால் ஏஸ் ஜோடியைக்கூட விட்டுவிடுவது சரியாக இருக்கும் அபூர்வமான இடம் இது. பாயின்டெல்லாம் முதல் சில இடங்களுக்கே குவியும் போட்டி என்றால் நேர்மாறாக, எல்லோரும் பயந்து ஒதுங்கும் இந்த நேரத்தில்தான் நீங்கள் அவர்கள் பிளைண்டை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதிவு செய்யும்போதே பரிசு எப்படிப் பிரிகிறது என்று படித்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி: பெரிய ஃப்ரீரோல் மூன்று நான்கு மணி நேரம் இழுக்கும். மறுநாள் தேர்வோ காலை ஷிஃப்டோ இருந்தால் பதிவே செய்யாதீர்கள். நேரமாகிவிட்டதே என்று அவசரப்பட்டு ஆல் இன் போடும் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் போகாது.

படிப்பு என்று நான் சொல்வது ஆட்டம் முடிந்த பிறகு நடப்பது. பெரும்பாலான செயலிகளில் ஆடிய கைகளின் பதிவு கிடைக்கும். அதில் அதிகச் சிப் போன மூன்று கைகளையும் அதிகச் சிப் வந்த மூன்று கைகளையும் எடுத்து நோட்டில் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் கேள்வி ஒன்றேதான்: அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால், கட்டிய விலைக்கு வாய்ப்பு போதுமானதாக இருந்ததா? ஜெயித்தேனா தோற்றேனா என்பதை எழுதமாட்டேன். ஏஸ் ஜோடியை ஆல் இன் வைத்துத் தோற்ற கைக்கு நேராக "சரி" என்று எழுதுவதும், மோசமான விலைக்குக் கால் செய்து ரிவரில் ஜெயித்த கைக்கு நேராக "தப்பு" என்று எழுதுவதும் ஆரம்பத்தில் மனம் ஒப்பாத வேலை. ஆனால் நிகழ்தகவு மண்டையில் ஏறுவது அங்கேதான். மாமா ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பார். நான் "சரி" என்று எழுதிய கைகளைத்தான் அவர் அதிகம் கேள்வி கேட்பார். இதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த ஆறு கைகளும் எழுதி முடிந்த பிறகு அடுத்த போட்டிக்குப் பதிவு செய்யலாம்.