மேடைக்கு முன்னாடி நிற்காதீங்க

பேண்ட் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கத்தான் முண்டியடிக்கிறார்கள். அங்கே நின்றால் பாடகரின் ஷூ நன்றாகத் தெரியும், சப்-ஊஃபர் நெஞ்சில் உதைக்கும். பாட்டு மட்டும் கேட்காது. குரல் வருகிற பெட்டிகள் உயரத்தில் தொங்கிக்கொண்டு, உங்கள் தலைக்கு மேலாகப் பின்வரிசைக்குப் பாடிக்கொண்டிருக்கும். நல்ல இடம், சத்தத்தைக் கலந்து அனுப்புகிற மிக்சர் மெஷின் வைத்திருக்கிற கூடாரத்துப் பக்கம்தான். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்கு எது சரியாக இருக்கிறதோ அதைத்தான் அனுப்புவார். அவர் காது இருக்கிற இடத்தில் உங்கள் காதும் இருந்தால் வேலை முடிந்தது.

எனக்கு இதெல்லாம் வீட்டில் வந்த படிப்பு. வியாசர்பாடியில் நைனா மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ், கட்சிக் கூட்டம், சாவு வீடு, எல்லாத்துக்கும் எங்கள் குழாயும் பெட்டியும்தான் போகும். நான் பள்ளி விட்டு வந்தால் ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி வைப்பது என் வேலை. உலகம் முழுக்கப் பாடகர்கள் கையில் பிடிக்கிற அந்த எஸ்எம்58 மைக் இருக்கிறதே, ஷூர் கம்பெனி 1966-இல் கொண்டுவந்தது, அதன் டூப்ளிகேட்டை நைனா ரிச்சி தெருவில் வாங்கி வைத்து எஸ்எம்58 என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாடினவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

பொங்கல் முடிந்த வாரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் பேண்ட் நிகழ்ச்சி போட்டார்கள். டிக்கெட் கிடையாது. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதாவது படிக்கிறான், சோற்றுத் தட்டிலும் பெஞ்சிலும் டிரம்ஸ் அடித்து எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவன்.

நான் காலேஜ் படிக்கும்போது ஒரு ராக் பேண்டை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஐஐடிக்குத்தான் போக வேண்டும். சாரங் விழா. 1974-இல் மார்டி கிரா என்ற பெயரில் ஆரம்பித்து 1996-இல் சாரங் ஆனது. அந்தத் திறந்தவெளி அரங்கில் ராக் ஷோ முடிந்து பஸ் பிடித்து வியாசர்பாடி வந்து சேர்வதற்குள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்திருக்கும். இப்போது பேண்ட் தண்டையார்பேட்டைக்கு வருகிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோவை வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை நீட்டிவிட்டார்கள், அடையாறுப் பக்கத்துப் பிள்ளைகள் கூட அதில் ஏறி வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் வருவதற்கு முன்னால் "ஏரியா சேஃபா?" என்று கேட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை முதலில் ஏறினது ஒரு காலேஜ் பேண்ட். இங்கிலீஷ் பாட்டுகளை அப்படியே வாசித்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் கிட்டார் டியூன் செய்தார்கள். கடல் காற்றில் சுருதி நிற்காது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் டியூன் செய்யும்போது மைக்கில் ஏதாவது பேச ஒரு ஆளைப் பழக்கியிருக்கலாம்.

அடுத்தது மெட்டல். கறுப்பு டி-ஷர்ட், இடுப்பு வரை முடி, டிரம்மர் இரண்டு காலிலும் பெடல் மிதிக்கிறார். பாடகர் அடிவயிற்றில் இருந்து உறுமினார். மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற மாடிகளில் சனம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு பாட்டு முடிந்ததும் இதே ஆள் மைக்கைப் பிடித்து, ரொம்பப் பணிவாக, "மாடில ஆயா ஒருத்தங்க நிக்கிறாங்க. ஆயா, சத்தம் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார். ஆயா கையை ஆட்டிற்று. ஆட்டினது "நிறுத்து" என்றா "அடி" என்றா என்று யாருக்கும் தெரியவில்லை. பேண்ட் "அடி" என்று எடுத்துக்கொண்டது.

நடுவில் பையன் பின்னால் போய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். "சித்தி, அங்க இருந்து பாத்தா டிரம்மர் அண்ணன் லேட்டா அடிக்கிறாரு."

சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளி நின்றால் குச்சி விழுவதைக் கண் முதலில் பார்த்துவிடும், காதுக்கு அது வந்துசேர கால் வினாடிக்கு மேல் ஆகும். கொஞ்சம் வேகமான பாட்டில் அது பாதித் தாளம். அவனுக்கு இதைச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால் இன்னொரு கோளாறும் இருந்தது. பின்வரிசைக்கென்று தனியாக இரண்டு கம்பத்தில் பெட்டி கட்டியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு, மேடையில் இருந்து சத்தம் வந்துசேரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அவ்வளவு தாமதம் வைத்து அனுப்ப வேண்டும். டிலே என்பார்கள். வைக்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஒருமுறை, மேடையில் இருந்து இன்னொருமுறை என்று எல்லாமே இரண்டு தடவை கேட்டது. பின்னால் நின்றவர்கள் பேண்ட் சொதப்புகிறது என்றே நினைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அந்த மெட்டல் பசங்களுக்குப் போன பெயர் போனதுதான்.

சனிக்கிழமை கடைசியில் வந்த மூன்று பேரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற ஒரு பெண். தமிழ்ப் பாட்டுகள், சொந்தமாக எழுதினவை. நான்கு கம்பியில் ஒரு தாளம், வாயில் வேறொரு தாளம் என்று பிடித்துக்கொண்டு போவது சும்மா இல்லை. வாசித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

மூன்றாவது பாட்டு நடுவில் ஜெனரேட்டர் நின்றது. லைட், பெட்டி, வாசிக்கிறவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்க மேடையில் வைக்கிற மானிட்டர், எல்லாம் போச்சு. மைதானமே "ஓ" என்றது. டிரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லை, அந்தப் பையன் நிறுத்தவே இல்லை. சத்தத்தைக் குறைத்து, பெரிய டிரம்மையும், ஜால்ரா மாதிரி இருக்கிற ஹை-ஹாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் பேஸைத் தோளில் இருந்து கழற்றாமல் மேடை விளிம்புக்கு வந்து கையைத் தட்டினாள். இரண்டு வரிசை தட்டியது, அப்புறம் எல்லோரும். மைக் இல்லாமல் பல்லவியைப் பாடினாள். எங்களுக்குப் பாதிதான் கேட்டது, மீதியை முன்வரிசை பாடிக் கொடுத்தது. கிட்டார்காரர் மட்டும் டிரம்மர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வலது கையைக் கம்பிக்கு மேல் தூக்கி வைத்தபடி நின்றார். லைட் திரும்ப வந்ததும் அவசரப்பட்டு அடிக்கவில்லை. டிரம்மர் தலையை அசைத்தார், அடுத்த சுற்றின் முதல் அடியில் மூன்று பேரும் ஒன்றாக இறங்கினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், லுங்கி கட்டிக்கொண்டு சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், "சோக்கா பிடிச்சாங்கப்பா" என்றார். இதைவிடப் பெரிய விமர்சனம் வட சென்னையில் கிடையாது.

நான் பேண்டைப் பார்க்கிற விதமே இதுதான். பாட்டு நன்றாகப் போகும்போது எல்லோரும் நன்றாகத்தான் தெரிவார்கள். ஒருத்தர் கம்பி அறுந்தால் இன்னொருத்தர் என்ன செய்கிறார், மானிட்டர் கூவினால் யார் முறைக்கிறார்கள், யார் ஒரு அடி நகர்ந்து நிற்கிறார்கள், அங்கே தெரிந்துவிடும் அவர்கள் சேர்ந்து எத்தனை நாள் வாசித்தவர்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை முதலில் கொச்சியில் இருந்து ஒரு பேண்ட், மலையாளத்தில். சுத்தமான வாசிப்பு, குறையே இல்லை, அதனாலேயே சொல்லவும் ஒன்றுமில்லை.

அப்புறம் எங்கள் ஆட்கள். கானா பாடுகிற இரண்டு பேர், பறை, சட்டி மேளம், டோலக், அவர்களோடு ஒரு எலக்ட்ரிக் கிட்டார். கானாவும் கிட்டாரும் சேருவது இப்போது புதுசில்லை. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் கச்சேரி நடத்தியபோது நானும் கூட்டத்தில் இருந்தேன். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, பத்தொன்பது பேர். சாவு வீட்டுத் திண்ணையில் விடிய விடிய மரண கானா பாடுகிற குரல்களை கோட்டு சூட்டோடு பெரிய மேடையில் ஏற்றினார்கள். நைனா உயிரோடு இருந்திருந்தால் முதலில் எந்த மைக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்த்திருப்பார்.

தண்டையார்பேட்டையில் பிரச்சினை பனியால் வந்தது. மதியம் சவுண்ட் செக்கில் கணீரென்று பேசின பறை, சாயங்காலம் ஈரக் காற்று பட்டு தொளதொளத்துப் போச்சு. தோல் ஈரத்தை உறிஞ்சினால் தளரும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் விறைக்கும், சுருதி ஏறும். அதற்கு நாலு வைக்கோல் போதும். ஆனால் மேடைக்குப் பின்னால் தீ மூட்டக் கூடாது என்று காவலுக்கு நின்றவர் தடுத்துவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான், சுற்றிலும் துணியும் ஒயரும். முன்பெல்லாம் ஹாலஜன் விளக்கு இருக்கும், அதில் காட்டலாம். இப்போது எல்லாமே எல்இடி, சூடே கிடையாது. பறைக்காரர்களில் ஒரு தம்பி கருவியைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலில் இருந்த அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்கு நடந்தான். கடைக்கார அக்கா தோசைக்கல்லை இறக்கி அடுப்பை விட்டுக்கொடுத்தார். முட்டைக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டினான். அத்தோ கேட்டு நின்றவர்கள் தட்டோடு காத்திருந்தார்கள். சுண்டல் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறியதை நான் ரெண்டு அடி தள்ளி நின்று கேட்டேன். அக்கா மகன் போனில் வீடியோ எடுக்கக்கூட மறந்துவிட்டான்.

மேடையில் ஏறின பிறகு இன்ஜினியர் செய்தது பிடித்தது. முதல் பாட்டில் பறைக்கு மைக்கை ரொம்பக் கிட்டே வைத்திருந்தார், பெட்டியில் தகரம் மாதிரி அடித்தது. பறை தானே மைதானத்தை நிரப்புகிற கருவி. இரண்டாவது பாட்டுக்கு முன் உதவியாளரை அனுப்பி மைக்கை ஒரு முழம் பின்னுக்கு இழுக்கச் சொன்னார், சட்டிக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றினார். அதுக்கப்புறம் கிட்டாரும் கேட்டது, கானாவின் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மாடி ஆயா அன்றைக்கும் வந்திருந்தது, இந்த முறை கை எதைச் சொல்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது இருபது நிமிஷம். கடைசியில் வந்த பெரிய பேண்டுக்கு ஒன்றரை மணி நேரம். அவர்கள் காதில் தாளம் எண்ணுகிற மெட்ரோனோம் ஓடுகிறது, பாதி வாத்தியம் லேப்டாப்பில் இருந்து வருகிறது, லைட்டும் அதோடு சேர்ந்து மாறுகிறது. பார்க்கப் பிரமாதம். ஆறாவது பாட்டில் லேப்டாப் நின்றது. அவர்களும் நின்றார்கள். சரிசெய்து முடிக்கிற வரை நான்கு பேரும் மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்மர் குச்சியைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், டிரம்மில் தட்டியிருக்கலாம்.

பத்து மணிக்கு போலீஸ் வந்து கடிகாரத்தைக் காட்டினார்கள். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிப்படி இரவு பத்தில் இருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத்தில் வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அந்தத் தளர்வு எங்கள் தெருவுக்கு ஆடி மாதத்தில் தானாகவே வந்துவிடும். பேண்டுக்கு வரவில்லை. கடைசிப் பாட்டு நடுவில் நின்றது. கத்தினவர்கள் உண்டு, எனக்கு வருத்தமில்லை, மாடியில் தூங்க வேண்டிய ஆயாவும் இருக்கிறது.

அடுத்த வருஷமும் நடத்துவோம் என்று மைக்கில் சொன்னார்கள். நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பறைக்குழுவை எட்டு மணிக்குப் போடுங்க, ஒரு மணி நேரம் கொடுங்க. மேடைக்குப் பின்னால் ஒரு கேஸ் அடுப்பு வையுங்க, பக்கத்தில் ரெண்டு வாளி மணலும். சனிக்கிழமை கடைசியில் வாசித்த அந்த மூன்று பேர் பேண்டைத் திரும்பக் கூப்பிடுங்க. அப்புறம், பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த மூன்று பேர் வாசித்ததில் இரண்டு பாட்டை நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.