தரங்கம்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை

மயிலாடுதுறையில் குடியிருக்கும் எங்களுக்கு விடுமுறை நாளில் கடற்கரை என்றால் பூம்புகார் அல்லது தரங்கம்பாடிதான். கூட்டம் பிடிக்காத நான் பெரும்பாலும் தரங்கம்பாடிக்கே பேருந்து ஏறிவிடுவேன். சென்ற ஞாயிறன்று வெயில் ஏறுவதற்கு முன்பே இறங்கி, 1792இல் கட்டப்பட்ட நுழைவாயிலைக் கடந்து, ராஜ வீதி வழியாகக் கடலை நோக்கி நடந்தேன். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனைக்கு வந்தவர்கள் வாசலில் செருப்புகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ் அச்சுக்கு உழைத்த சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்ட இடம் அது.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. எனக்கு வேண்டியிருந்தது அதன் வடக்கே நீளும் கரைதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டதால், அங்கே நிற்கும்போது பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது. கரையில் கிடந்த செங்கல் துண்டொன்றை எடுத்துப் பார்த்தேன்: அலை உருட்டி உருட்டி மூலைகளெல்லாம் தேய்ந்து, கோழிமுட்டை அளவில் வழவழப்பாக இருந்தது. அது கோயிலுடையதா, கோட்டையுடையதா, இடிந்த ஏதோ ஒரு வீட்டினுடையதா என்று யோசித்துக்கொண்டு நின்றதில் ஒரு பெரிய அலை வந்து முழங்கால் வரை நனைத்துவிட்டது. ஈர வேட்டியோடு பேருந்தில் உட்கார மனமில்லாமல், திரும்பும் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன்.