நெக்கின் முதுகு: பளபளப்பு, சாட்டின், எண்ணெய் ஒப்பிட்டுப் பார்த்த குறிப்புகள்

எலக்ட்ரிக் கிடாரின் நெக்கில் (கை பிடித்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) "கை ஒட்டுது" என்று சொன்னால் உடனே வரும் பதில், "அது பாலி ஃபினிஷ், நைட்ரோவா இருந்தா ஒட்டாது" என்பதுதான். பாலி என்பது பிளாஸ்டிக் வகைப் பூச்சு, நைட்ரோ என்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். ஐந்து நெக்குகளை அளந்து ஒப்பிட்டு, அவற்றில் இரண்டை உப்புத்தாள் பிடித்தும் பார்த்த பிறகு, இந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. பூச்சின் பெயரை விட, அதன் மேற்பரப்பு எவ்வளவு மழமழவென்று தேய்க்கப்பட்டிருக்கிறது என்பதே கைக்குத் தெரிகிறது.

முதலில் வடிவம். வடிவத்தை ஒதுக்கிவிட்டு ஃபினிஷைப் பேசினால் இரண்டும் குழம்பிப்போகும். கம்பிகளைத் தளர்த்தி, வெர்னியர் தாடைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஃப்ரெட் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் வைக்காமல் இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அளக்க வேண்டும். ஃப்ரெட் மேல் வைத்தால் 1 மி.மீ. கூடுதலாகக் காட்டும், நெக் விஷயத்தில் 1 மி.மீ. என்பது பெரிய வித்தியாசம். கிடார் நிறுவனங்களின் நெக் வடிவங்களும் அவற்றின் தடிமனும் இப்படி: ஐபனெஸ் விசார்ட் III முதல் ஃப்ரெட்டில் 19 மி.மீ., பன்னிரண்டாவதில் 21. பிஆர்எஸ் பேட்டர்ன் நெக் நட் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டை) அருகே 21.4 மி.மீ., பேட்டர்ன் தின் 19.8. ஃபெண்டரின் மாடர்ன் சி ஏறத்தாழ 21. கிப்சன் லெஸ் பாலில் 60களின் ஸ்லிம் டேப்பர் 20க்கும் 21க்கும் இடையே. 50களின் வடிவம் 22ஐத் தொடும், பன்னிரண்டாவது ஃப்ரெட் வரும்போது 25 மி.மீ. வரை போகும்.

இந்த எண்கள் மட்டும் போதாது. விசார்டும் பேட்டர்ன் தின்னும் தடிமனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் உள்ளங்கையில் வேறு வேறு நெக்குகள். வித்தியாசம் தோளில் இருக்கிறது, அதாவது ஃபிங்கர்போர்டின் ஓரத்திலிருந்து நடு முதுகு வரை வளைவு எப்படி இறங்குகிறது என்பதில். விசார்டின் முதுகு தட்டை, தோள் நிறைந்திருக்கும். இதைக் காகிதத்தில் பார்க்க நல்ல வழி கான்டூர் கேஜ்: ஊசிகள் வரிசையாக இருக்கும் அந்தச் சீப்பை 1, 5, 12ஆம் ஃப்ரெட்டுகளுக்குப் பின்னால் அழுத்தி, கிடைக்கும் வளைவைப் பென்சிலால் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக டிரேசிங் தாளில் வைத்தால் போதும். இரும்பு ஊசி கேஜ் கீறும். பிளாஸ்டிக் ஊசி உள்ளதே வாங்குங்கள்.

அடுத்து ஃபினிஷ். சோதனை எளியது. கையைச் சோப்பால் கழுவித் துடைத்து, முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை பெருவிரல் இடுக்கு முதுகில் படும்படி ஐந்து முறை ஏற்றி இறக்குவது. பிறகு இருபது நிமிடம் வாசித்து, கை வியர்த்ததும் அதையே மறுபடி செய்வது. உலர்ந்த கையில் எல்லா நெக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான். வியர்த்த பிறகுதான் பிரிகிறது. பளபளப்பான நைட்ரோவும் பளபளப்பான பாலியும் கண்ணை மூடினால் ஒரே மாதிரி பிடித்து இழுத்தன. கண்ணாடி போன்ற பரப்பில் ஈரத்தோல் முழுதாகப் படிந்து ஒட்டுகிறது. சாட்டினில் (பளபளப்பில்லாத, மங்கலான பரப்பு) நுண்ணிய மேடுபள்ளங்களின் முகடுகள் மட்டுமே தோலைத் தொடுகின்றன. சென்னைக் காற்றின் ஈரத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

பாலி நெக்கை சாட்டினாக்கிய முறை இது. கம்பிகளைக் கழற்றி, பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருள்கள்) மேலும் ஃபிங்கர்போர்டு ஓரங்களிலும் மாஸ்கிங் டேப். முதுகை நாப்தாவால் (லைட்டர் பெட்ரோல்) துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும்; ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகே அடுப்போ விளக்கோ கூடாது. பிறகு சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் 7448 தேய்ப்புப் பேடை நெக்கின் நீளவாக்கில் மட்டும், நட் முதல் அடிப்பகுதி வரை ஒரே இழுப்பாக, முப்பது நாற்பது முறை. நடுவில் நிறுத்தித் திரும்பினால் அந்த இடம் திட்டாகத் தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எங்கே பளபளப்பு மிச்சமிருக்கிறது என்று தெரியும். மொத்தம் பதினைந்து நிமிட வேலை. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் வேண்டவே வேண்டாம். அதன் சொரசொரப்பு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஆழமான கீறல் விழும். 0000 ஸ்டீல் உல் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதன் இரும்புத் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

மூன்று வாரத்தில் பெருவிரல் அதிகம் படும் 3 முதல் 7ஆம் ஃப்ரெட் வரை மறுபடி மின்னத் தொடங்கியது. தொழிற்சாலை சாட்டினிலும் இதுவே நடக்கும். முகடுகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதே பேடால் இரண்டு நிமிடம் இழுத்தால் சரி.

நைட்ரோ நெக்கைத் தொடவில்லை. படலம் மெல்லியது, தேய்த்தால் மரம் வந்துவிடும். பழைய கிடாராக இருந்தால் அதன் மதிப்பும் போய்விடும். நைட்ரோவின் உண்மையான சிறப்பு வேறு: புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதனால் பழுது பார்ப்பது எளிது. ரப்பர் அல்லது ஃபோம் பட்டை உள்ள ஸ்டாண்டில் வைத்தால் படலம் மென்மையாகிக் கறை பிடிக்கும். ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணி சுற்றுவது கட்டாயம்.

மூன்றாவது, எண்ணெய். மியூசிக் மேன் நெக்குகளில் துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும்தான். ஒட்டுமொத்தமாகக் கைக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான், மரத்தையே தொடுவதுபோல இருக்கும். பூச்சில்லாத உதிரி மேப்பிள் நெக் ஒன்றில் ட்ரு-ஆயில் (அதே வகைத் துப்பாக்கிக் கட்டை எண்ணெய்) கொண்டு செய்தது:

உப்புத்தாள் 150, 220, 320 என்ற வரிசை. பின் ஈரத்துணியால் துடைத்தால் மரநார்கள் எழுந்து நிற்கும். முழுக்கக் காய்ந்ததும் 320 கொண்டு மெல்லத் தடவி 400இல் முடிக்க வேண்டும். இந்த ஈரத்துணிப் படியை விட்டால் முதல் எண்ணெய்ப் பூச்சிலேயே முதுகு முள்முள்ளாகிவிடும். ஒரு பூச்சுக்கு 2 மி.லி. தாராளம். விரலால் தடவி, ஐந்து நிமிடத்தில் பஞ்சு வராத துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் காயும் என்றாலும் ஈரமான நாளில் ஓர் இரவு விடுவதே நல்லது. மொத்தம் ஐந்து பூச்சு, மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் பிறகு 0000 ஸ்டீல் உல் (இங்கே பிக்கப் இல்லை, பயமில்லை), கடைசியில் மெழுகு.

மூன்றாவது பூச்சில்தான் தவறியது. தடிமனாகப் போட்டதால் மேல்தோல் காய்ந்து, உள்ளே பிசினாக நின்றுவிட்டது. மூன்று நாள் காயவிட்டு, 400ஆல் முழுதும் எடுத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. இரண்டு பூச்சோடு நிறுத்துவதும் தவறு. மேப்பிளில் கையழுக்கு சாம்பல் நிறமாக ஊறிவிடும், பிறகு வெளுக்காது.

எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ட்ரு-ஆயிலில் ஆளி விதை எண்ணெய் உண்டு, அது காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். வெளியே, வெட்டவெளியில் விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் ஊறவைத்தோ எறியுங்கள். மிச்ச எண்ணெய் புட்டியைத் தலைகீழாக வைத்தால் வாய்ப்பக்கம் தோல் கட்டாது.

எண்ணெய்க்கு ஒரு விலை உண்டு. லேக்கர் அளவுக்கு ஈரத்தைத் தடுக்காது, அதனால் பருவம் மாறும்போது நெக் சற்று அசையும். எண்ணெய் போட்ட அன்று ஏழாவது ஃப்ரெட்டில் நெக் வளைவு (கம்பி இழுப்பில் நெக் நீளவாக்கில் குழிவது) 0.2 மி.மீ.; இரண்டு மாதம் கழித்து 0.3. ட்ரஸ் ராடை (வளைவைச் சரிசெய்ய நெக்கினுள் இருக்கும் உலோகத் தண்டு) கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கியதும் பழைய நிலைக்கு வந்தது. ரோஸ்வுட், வெங்கே போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரங்களைப் பூச்சின்றியே விடலாம். சாதாரண மேப்பிளை விடக்கூடாது.

அடுத்தது வறுத்த (சூட்டில் பதப்படுத்திய) மேப்பிள் நெக், மெழுகு மட்டும். முதல் ஃப்ரெட்டில் 20.6 மி.மீ., வளைவு 0.22. திருகு போடும் முன் துளை சற்று அகலமாகவே போடப்பட்டது, வறுத்த மரம் வெடிக்கும்.