ரோகிணிக்காரிக்கு ஒரு பெயர்

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ரோகிணி நட்சத்திரம். ஓ, வ, வி, வு இதில் ஒன்றில்தான் பெயர் தொடங்க வேண்டுமாம். குடும்ப வாட்ஸப் குழுவில் அன்றிலிருந்து பெயர் மழைதான். வன்ஷிகா, விஹானா, வேதிகாஸ்ரீ... "வே மிருகசீரிஷத்துக்கு உரியது" என்று கடைசிப் பெயரைப் பெரியப்பா உடனே தள்ளுபடி செய்துவிட்டார். (இந்த ‘ஸ்ரீ’ ஒட்டும் மோகம் எப்போதுதான் தீருமோ!)

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குலதெய்வம் பேச்சியம்மன் பெயர் வந்தாக வேண்டும். சரி, தொட்டிலில் போடும் அன்று காதில் மூன்று முறை சொல்வதற்கு அந்தப் பெயர் என்று ஒருவழியாகச் சமாதானம் ஆனது.

தாய்மாமன் என்ற முறையில் நான் சொன்னது வான்மதி. வாசலில் நின்று கூப்பிட்டால் தெருமுனை வரை கேட்கும் பெயர். தங்கைக்கும் பிடித்துவிட்டது. அப்புறம் எண்கணிதக்காரர் ஒருவர் வந்து, ஆங்கிலத்தில் இன்னும் ஒரு ‘ஏ’ சேர்க்கச் சொன்னார். அங்கேதான் நான் முரண்டு பிடித்தேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் என்று எல்லா இடத்திலும் அந்த உபரி ‘ஏ’யைச் சுமக்கப்போவது அவரில்லையே!

இத்தனைக்கும் அவசரமே இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் போதும், பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதங்களுக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இதைக் குழுவில் போட்டதும் பெரியப்பா, "அப்போ நிதானமா யோசிக்கலாம்" என்று மறுபடி பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார்.