ஷெட் யார் போட்டது?

லீவில் கோத்தகிரி வந்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் மூடுபனி இறங்கி எதிர்ச் சரிவுத் தேயிலையே தெரியவில்லை. டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தபோது அண்ணன் மகன் போனை நீட்டினான். அவனும் ஹூஸ்டனில்தான் வேலை, அங்கே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கப் பார்த்து வைத்திருக்கிறான்.

"சித்தப்பா, பின்னாடி ஷெட்டும் இருக்கு. நாம எதுவும் கட்ட வேண்டாம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் அங்கே முதலில் வாங்கிய வீட்டிலும் முந்தைய ஓனர் போட்ட ஷெட் இருந்தது. குடிபோன மூன்றாம் மாதம் குடியிருப்போர் சங்கத்திடமிருந்து கடிதம்: எட்டடிக்கு மேல் உயரம் கூடாது, ஒப்புதலும் இல்லை, சரிசெய்யுங்கள். டேப் பிடித்து அளந்தேன், பத்தடி இரண்டு அங்குலம். நான் போட்டதில்லை என்று எழுதிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு வருவது, இன்றைக்குப் பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஆள் வைத்துப் பிரித்தோம்.

நம் ஊரில் வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அப்ரூவல் பார்ப்போம், கட்டடம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும் நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும், அது அரசு விதி. ஹூஸ்டன் நகரத்தில் மண்டல வாரியான நிலப் பயன்பாட்டுச் சட்டமே கிடையாது. அதனால் ஷெட், வேலி, பெயின்ட் என்று வீட்டைச் சுற்றி எது கூடும் எது கூடாது என்பதைப் பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டிப் பதிவாகும் கட்டுப்பாட்டுப் பத்திரமான டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்தான் சொல்கிறது. கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் (நம் சார்பதிவாளர் அலுவலகம் மாதிரி) பதிவாகியிருக்கும், வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி முன்கூட்டித் தரும் கமிட்மென்ட் என்ற அறிக்கையில் ஷெட்யூல் பி பகுதியிலும் குறிப்பிருக்கும். அந்த மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி முழுசாகப் படிக்க வேண்டும், பின்னால் சேர்த்த திருத்தங்களையும் சேர்த்து.

சங்கம் இருந்தால் ரீசேல் சர்டிபிகேட் என்று ஒன்று தருவார்கள், டெக்சாஸில் 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. அந்த வீட்டில் உள்ள மீறல்களை அதில் எழுத வேண்டும். ஆனால் சங்கத்தின் போர்டுக்குத் தெரிந்த மீறல்களை மட்டும்தான். நாங்கள் ஏமாந்தது இங்கேதான். எங்கள் சர்டிபிகேட் சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அதுவரை அந்த ஷெட்டை யாரும் கவனித்திருக்கவில்லை.

அவனிடம் இதைத்தான் சொன்னேன். ஒப்பந்தம் போட்டதும் ஆப்ஷன் பீரியட் என்று சில நாள் கிடைக்கும், அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும், அதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். அந்த நாட்களில் ரெஸ்ட்ரிக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டு டேப்போடு வீட்டைச் சுற்றி நட. ஷெட், வேலி, பின்பக்கக் கூரை என்று பின்னால் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் சங்கம் கொடுத்த ஒப்புதல் கடிதத்தை விற்பவரிடம் கேள். "எல்லாம் ஓகேதான்" என்று வாயால் சொன்னால் விடாதே, எழுத்தில் வாங்கு.

அப்புறம் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். வேலிக்கு மேலே கூரை நன்றாகவே தெரிந்தது. அங்கே காலை எட்டு மணி இருக்கும், அவன் அப்போதே ஏஜென்ட்டுக்கு மெசேஜ் போட்டான்: ஷெட் எந்த வருஷம் போட்டது, ஒப்புதல் கடிதம் இருக்கிறதா?