படலையடித் தேசிக்காய்

2025 மே 4, ஞாயிறு

காலையில் படலையைத் திறந்தபோது, கறுப்பு நூல் சுற்றிக் குறுக்கே இரண்டு ஊசிகள் ஏற்றிய தேசிக்காய் ஒன்று தூணடி மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. வெறுங்கையால் தொடாதே என்று மாமி முற்றத்திலிருந்தே சத்தமிட்டார். பிறகு வாழைச்சருகில் பொதிந்து எடுத்துப்போய் வேலியோரம் வைத்தார். "ஹூனியம்" என்றார், வேறொன்றும் பேசவில்லை. யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா அடிக்குரலில் சொன்ன சூனியம்தான் அது. முதலெழுத்து மாறியதைத் தவிர, பேராதனை வரை வந்தும் அந்தச் சொல் மாறவில்லை.

மே 5

இவர், என் கணவர், நேற்றும் உறங்கவில்லை.

மே 7, புதன்

இரவு இரண்டரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் இவருடையதுதான், ஆனால் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை மாமி நேரம் தவறாமல் கொடுக்கிறார். ஆனால், மந்திரம் செய்யும் கட்டாடியாவை அழைத்துத் தேசிக்காய் வெட்டி, ஏவியவனிடமே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறார். யார் ஏவியிருப்பார் என்று கேட்டேன். கேகாலைக் காணி வழக்கில் எதிராக நிற்கும், இவருடைய பெரியப்பா மகனின் பெயரைச் சொன்னார். இந்த ஒன்பது ஆண்டுகளில் நானும் மாமியும் எதிலாவது ஒத்துப்போனோம் என்றால், அது அந்தப் பெயரில்தான்.

மே 9, வெள்ளி

விகாரைக்குப் போனோம். குளிசைகளை நிறுத்திவிட்டோமா என்பதைத்தான் தேரர், அங்குள்ள மூத்த பிக்கு, முதலில் கேட்டார். நிறுத்தவில்லை என்றதும் தலையசைத்து, நிறுத்தக் கூடாது என்றார். மாமி தேசிக்காய் வெட்டும் பேச்சை எடுத்தபோது, புத்தரின் போதனையான பிரம்மஜால சூத்திரத்தில் பூதவித்தையும் மந்திர வித்தைகளும் பிக்கு பிழைப்புக்குக் கொள்ளத்தகாத இழிவான கலைகளின் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன என்று சொல்லி, அந்தப் பேச்சை அத்தோடு முடித்தார். ஆனால் பேயும் இல்லை, பில்லியும் இல்லை என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

அவர் சொன்ன ஒரு செய்தியை வீடு வந்தும் மறக்க முடியவில்லை. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்தின் மருந்துப் பகுதியில் "வீட்டில் கொடுக்கப்பட்டதால் வந்த நோய்" என்று ஒன்று வருகிறது. வசியம் செய்து குடிக்கக் கொடுத்ததால் வந்தது என்று உரை விளக்குகிறது. அதற்கு, கலப்பையில் ஒட்டிய மண்ணை நீரில் கரைத்துக் குடிக்கப் புத்தர் அனுமதி கொடுத்தாராம். அதே பகுதியில், அமனுஷ்யரால், அதாவது பேய் போன்ற மனிதரல்லாதவர்களால், பீடிக்கப்பட்ட பிக்கு ஒருவருக்குப் பச்சை இறைச்சியும் பச்சை இரத்தமும்கூட அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. யார் கொடுத்தார் என்ற விசாரணை இல்லை. நோய் என்ன, அதற்கு என்ன கொடுக்கலாம் என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ யார் என்பது தெரிந்தாக வேண்டும்.

மே 10

சருகோடு வேலியோரம் வைத்த தேசிக்காய் அங்கேயே கறுத்துக்கொண்டிருக்கிறது. நாய்கூடக் கிட்டப் போகவில்லை என்று மாமி சொல்கிறார். அந்த நாய் எப்போது தேசிக்காய் தின்றது?

மே 12, திங்கள், வெசாக்

தெருவெல்லாம் வெசாக் விளக்குக் கூடுகள் எரிகின்றன. நாங்கள் ஒன்றுதான் கட்டினோம். தேரர் சொன்னபடி மாலையில் அன்பைச் சொல்லும் மெத்த சூத்திரம் ஓதினோம். காட்டில் தியானிக்கப் போன பிக்குகளை மரத்துத் தேவதைகள் கோர உருவங்களும் ஓசைகளும் காட்டி விரட்டினவாம். ஓடிவந்தவர்களிடம் புத்தர் இந்தச் சூத்திரத்தையே கொடுத்து அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பினார் என்று உரை சொல்கிறது. பயமுறுத்தியவர்களின் மீதே அன்பு செலுத்த வேண்டும், காப்பும் அதுதான். தன் ஒரே பிள்ளையைத் தாய் உயிரைக் கொடுத்துக் காப்பதுபோல எல்லா உயிர்களிடத்தும் என்ற இடம் வந்தபோது, மாமி இவருடைய தலையைத் தடவினார். நான் எல்லோரையும் நினைத்தேன், தெரு நாய் உட்பட. கேகாலைக்காரரை மட்டும் நினைக்கவில்லை. தவறுதலாக விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன்.

மே 14

அமனுஷ்யரிடமிருந்து காக்க ஓதும் ஆடாநாடிய சூத்திரத்தை உடனே ஓதிவிட முடியாதாம். மெத்தம், தஜக்கம், ரதனம் ஆகிய மூன்று சூத்திரங்களையும் ஏழு நாட்கள் ஓதியும் பீடித்தது விடாவிட்டால்தான் அதற்குப் போக வேண்டும் என்று உரை சொல்கிறது. ஓதுகிற பிக்கு இறைச்சியும் மாப்பண்டமும் உண்ணக் கூடாது, சுடுகாட்டில் தங்கவும் கூடாது. பீடிக்கப்பட்டவருக்குப் பச்சை இறைச்சி, ஓதுபவருக்கோ இறைச்சியே இல்லை. மாமியிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

மே 17, சனி

இரவு வீட்டில் பிரித், பிக்குகள் வந்து காப்புச் சூத்திரங்கள் ஓதும் சடங்கு. புது முட்டியில் நீர் நிரப்பி, அதன் கழுத்தில் சுற்றிய வெள்ளை நூலின் மறு நுனியைப் பாயில் இருந்த எங்கள் எல்லோருடைய கைகளிலும் கொடுத்தார்கள். வைசாலியில் பஞ்சமும் கொள்ளைநோயும் அமனுஷ்யரும் சேர்ந்து வந்தபோது, ஆனந்தர் புத்தரின் பிச்சைப் பாத்திரத்து நீரைத் தெளித்துக்கொண்டே நகரைச் சுற்றி ஓதியது ரதன சூத்திரம் என்பார்கள். பேய்விரட்டும் பாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் தொடக்கமே, இங்கே கூடியுள்ள பூதங்களே, மண்ணில் உள்ளவையும் விண்ணில் உள்ளவையும் மகிழ்ந்திருங்கள், கவனமாகக் கேளுங்கள் என்றுதான் இருக்கிறது. இரவும் பகலும் பலியிடும் மனிதர்களிடம் அன்பாயிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறதே தவிர, வெளியே போ என்று எவரையும் சொல்லவில்லை. "இந்தச் சத்தியத்தால் நலம் உண்டாகட்டும்" என்ற அடி திரும்பத் திரும்ப வந்தபோதெல்லாம் நூல் என் விரலில் மெல்ல அதிர்ந்தது; வரிசையின் கடைசியில் இருந்த இவருடைய கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

மே 18

நான்கு மணி நேரம் உறங்கினார். குளிசையா, நூலா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

மே 21, புதன்

மீண்டும் இரண்டரை மணி. பிரித் எல்லோரையும் காப்பதில்லை என்று மிலிந்த மன்னரின் கேள்விகளும் பிக்கு நாகசேனரின் பதில்களும் அடங்கிய மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர் மன்னரிடம் சொல்கிறார். வினைத் தடை, மனமாசுகளின் தடை, நம்பிக்கையின்மை என மூன்று காரணங்களையும் காட்டுகிறார். இவருடைய வினையை நான் அறியேன். மாமியின் நம்பிக்கைக்குக் குறையே இல்லை. நடுவில் இருக்கும் காரணத்தை எண்ணும்போதெல்லாம் கேகாலைக் காணியின் பலாமரம் கண்முன் வந்து நிற்கிறது. அவர் பெயரைச் சேர்த்து இன்று ஒருமுறை ஓதிப் பார்த்தேன். நாக்கு வந்தது, நெஞ்சு வரவில்லை. கட்டாடியாவின் தொலைபேசி எண்ணை மாமி இன்னும் நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

மே 23

வேலியோரத்தில் சருகு மட்டும் கிடக்கிறது. எடுத்தது மாமியா, மழையா என்று கேட்கவில்லை.

மே 26, திங்கள்

நாளை கிளினிக். இவருடைய மணிக்கட்டில் கட்டிய பிரித் நூல் முடிச்சருகே மஞ்சளாகிவிட்டது. குளிக்கும்போது அதை நனைக்காமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்.